இருபத்துமூன்று சோடிச் செருப்பு

கட்டைபறிச்சானில் என் வகுப்புக்குக்
கதவு இருக்கிறது, கொளுக்கி இல்லை.
நான்தான் கழற்றினேன்,
போன மாசியில், ஒரு கரண்டிக் காம்பால்.
அதிபர் கேட்டார்.
கொட்டியாரக் குடாவின் உப்புக்காற்று, சேர்,
துருப்பிடித்து விழுந்துவிட்டது என்றேன்.
இந்த வகுப்புக்காக நான் சொன்ன முதல் பொய்.

டிலுக்சன் என்றொரு பிள்ளை,
தரம் மூன்று, இரண்டாம் வாங்கு.
கேற்றடியில் மோட்டார் சைக்கிள் ஒன்று
வேகம் குறைத்தால் போதும்,
கைவிட்ட பென்சில் நிலத்தில் விழுமுன்
அவன் மேசைக்குக் கீழே இருப்பான்.
அழமாட்டான். இருமமாட்டான்.
மூச்சைக்கூடத் தவணை முறையில்தான் விடுவான்.

முதல் நாள் குனிந்து பார்த்தேன்.
வாயில் விரல் வைத்து எனக்குச் சொன்னான்:
"சத்தம் போடாதீங்க ரீச்சர், லோன்காரர்."

மூதூரிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் வருவார்களாம்.
அம்மா லைற்றை நூர்த்து,
தங்கச்சியின் வாயைப் பொத்தி,
மூன்று பேரும் கட்டிலுக்குக் கீழே.
ஆளில்லை என்று சொல்லவும் ஓர் ஆள் வேண்டுமே,
அதைப் பக்கத்து வீட்டு அக்கா
வேலிக்கு அப்பாலிருந்து சொல்வாளாம்.

பாடநூலில் 'எனது குடும்பம்' என்றொரு பக்கம்.
படத்தில் அப்பா பத்திரிகை வாசிக்கிறார்,
அம்மா தேநீர் கொண்டுவருகிறாள்.
வினோயாவின் அம்மா குவைத்தில்,
வேறு யாரோ அப்பாவுக்குத் தேநீர் கொண்டுபோகிறாள்.
மேனுசனின் அப்பா வீட்டில்தான்.
அதுதான் அவனுக்குச் சிக்கல்.
பக்கத்தைத் தாண்டினேன்.
யதுர்சிகா விடவில்லை:
"ரீச்சர், பதினொண்டுக்குப் பிறகு பதின்மூண்டா?"

பயிற்சிப் பட்டறையில் எழுதிக்கொண்டு வந்த
'குடும்பம்போல' என்ற சொல்
என் கொப்பியிலேயே கிடந்தது.
குடும்பம் என்றதும்
கட்டிலுக்கடி நினைவுக்கு வருகிறவனிடம்
எந்த முகத்தோடு அதைச் சொல்ல?

முந்தின ரீச்சர் விட்டுப்போன பிரம்பை
யன்னலுக்கு முட்டுக்கொடுத்தேன், காற்று வர.
இடாப்புக் கூப்பிட்டால் 'உள்ளேன்' வேண்டாம்,
காலையில் என்ன சாப்பிட்டாய், அதைச் சொல்.
பாண். ரொட்டி. ராத்திரிச் சோறு.
"ஒண்டுமில்ல" என்று சொல்ல
டிலுக்சனுக்கு ஒன்பது நாள் எடுத்தது.
பத்தாம் நாள் அவன் மேசையில் அரை ரொட்டி.
யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.

ஒருநாள் நானே பிழைவிட்டேன்.
இரைச்சல் தாங்காமல்
டஸ்டரால் மேசையில் ஓங்கி அடித்தேன்.
நான்கு பிள்ளைகள் கண்ணை இறுக்கி மூடினார்கள்.
எண்ணினேன், நான்கு.
எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
மேனுசன் மட்டும் எழுந்து வந்து
டஸ்டரை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான்.
இன்னும் அது அவனிடம்தான்.
அழிக்க வேண்டுமென்றால் நான் கேட்டு வாங்குகிறேன்.

பிறகு அந்த ஆனிமாதப் புதன்கிழமை.
வலயத்திலிருந்து மேற்பார்வைக்கு ஒரு சேர்,
மோட்டார் சைக்கிளில்.
கேற்றடியில் வேகம் குறைந்தது.

டிலுக்சன் கீழே.
கையில் சோக்கோடு திரும்பினேன்.
யதுர்சிகா கீழே. வினோயா கீழே.
வாங்குகள் ஒவ்வொன்றாக வெறித்தன.
இருபத்துமூன்று பிள்ளைகள், மேசைகளுக்கடியில்,
ஓர் இருமல் இல்லை.

கொளுக்கியில்லாத கதவு
தொட்டதும் திறந்தது.
"பிள்ளைகள் எங்கே?"
நான் வாய் திறக்குமுன்
கீழிருந்து யதுர்சிகாவின் குரல்,
வேலிக்கு அப்பால் நிற்கிற அக்காவைப்போல:
"இங்க ஒருத்தரும் இல்ல சேர்.
டிலுக்சன் இண்டைக்கு வரவே இல்ல."

இடாப்பு விரிந்து கிடந்தது.
அவன் பெயருக்கு நேரே நீல மையில் ஒரு கோடு.
சேர் அதைப் பார்த்தார்.
வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார்.
ஹெல்மட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
என்னைப் பார்த்தார்.

"வரல்ல சேர்" என்றேன்.

வெளியே எஞ்சின் சூடாறும் சத்தம்.
அவர் குனிந்து பார்க்கவில்லை.
சப்பாத்தைக் கழற்றி
செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு
கடைசி வாங்கில் போய்க் குந்தினார்.

கொஞ்ச நேரம் போனது.
இரண்டாம் வாங்குக்குக் கீழே
ஒருவன் இருமினான்.